அமெரிக்காவில் இதய–நுரையீரல் பிசியோதெரபி ரெசிடென்சி: நான் போன வழி

2013-இல் சென்னையில் ஓர் இதய அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மைட்ரல் வால்வு மாற்றிய ஒரு பெண், வயது 24, வீட்டுக்குக் கிளம்பும் நாளில் கேட்டார்: "அக்கா, குடத்துல தண்ணி தூக்கலாமா?" மூன்று மாதம் கழித்துத் தூக்கலாம் என்றேன். அவர் விடவில்லை. "ஏன் மூணு மாசம்? ரெண்டு மாசத்துல தூக்கினா என்ன ஆகும்? பாதிக் குடம்னா பரவாயில்லையா? எங்க தெருவுல தண்ணி ராத்திரிதான்க்கா வரும், வேற ஆளு இல்ல." சீனியர்கள் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்த கணக்கு என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார்.

எட்டு வருடம் கழித்து, 2021-இல், அமெரிக்காவில் இதய–நுரையீரல் பிசியோதெரபி ரெசிடென்சியில் சேர்ந்தேன். இப்போது கல்லூரி ஜூனியர்கள், இங்கே கணவரோடு வந்து வேலை தேடும் தோழிகள், வாரம் ஒருவராவது அதைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், இது என்ன

பட்டப்படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர், சம்பளம் வாங்கிக்கொண்டே, ஒரே துறையில், அந்தத் துறையின் மூத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க, ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்வது. ஏபிபிடிஆர்எஃப்இ என்ற அமைப்பு இந்த ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அதன் விதிப்படி நோயாளிகளோடு குறைந்தது 1,500 மணி நேரம், பாடமாக 300 மணி நேரம். அந்த 1,500-க்குள் குறைந்தது 150 மணி நேரம் மென்டரோடு, அதாவது நமக்கு வழிகாட்டும் மூத்தவரோடு. இந்த 150 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். மற்றதெல்லாம் எங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது.

சிறப்புச் சான்றிதழ் தருவது ஏபிபிடிஎஸ் என்ற வேறோர் அமைப்பு. இதய–நுரையீரல் துறைக்கான சான்றிதழைச் சுருக்கமாக சிசிஎஸ் என்பார்கள். அமெரிக்க பிசியோதெரபியில் சிறப்புச் சான்றிதழ் என்ற ஏற்பாடே இந்தத் துறையில்தான் தொடங்கியது: 1985-இல் முதன்முதலாகச் சான்றிதழ் பெற்ற மூன்று பேரும் இதய–நுரையீரல்காரர்கள். ஆனாலும் எலும்பு–மூட்டுத் துறையோடு ஒப்பிட்டால் இன்றைக்கும் இது சின்னக் குடும்பம். ரெசிடென்சிகளும் கொஞ்சம்தான். வட கரோலினாவில் டியூக், டெக்சாஸில் ஹூஸ்டன் மெத்தடிஸ்ட், விஸ்கான்சினின் மேடிசன் நகரில் உள்ள படைவீரர் மருத்துவமனை போன்றவை இந்தத் துறையில் ரெசிடென்சி நடத்தியவை. ஓர் இடத்தில் வருடத்துக்கு ஒருவரையோ இருவரையோதான் பெரும்பாலும் எடுப்பார்கள். அதனால் ஊரை முடிவுசெய்துவிட்டு அங்கே ரெசிடென்சி தேடுவது நடக்காது. இடம் கிடைக்கும் ஊருக்கு நாம் போக வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் பேச்சே இல்லை

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நாலரை வருட பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நேராக ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. எந்த மாநிலத்தில் ரெசிடென்சியோ அங்கே நோயாளியைத் தொட லைசென்ஸ் வேண்டும்.

அதற்கு முதலில் எஃப்சிசிபிடி போன்ற அமைப்பு உங்கள் படிப்பை, பாடம் பாடமாக, அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். டோஃபல் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பாடங்கள் குறைகின்றன என்றால் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தனியாகப் படித்து நிரப்ப வேண்டும். எனக்கு மருந்தியலும் நோய் வேறுபடுத்தி அறிதலும் குறைந்தன. நேரம் போனது அதில் இல்லை, சிலபஸில். நான் படித்த காலத்து சிலபஸை, ஒவ்வொரு பக்கமும் முத்திரையோடு, கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். எனக்கு அதற்கு மட்டும் எட்டு மாதம் ஆனது. ராஜபாளையத்திலிருந்து அப்பா நான்கு தடவை பஸ் ஏறிப் போய் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் இன்னும் இந்தியாவில் இருந்தால், விசா இருக்கிறதோ இல்லையோ, சிலபஸின் முத்திரையிட்ட பிரதிகள் இரண்டை இன்றே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். கல்லூரி தனியாக அனுப்ப வேண்டியிருந்தாலும், எந்த வருட சிலபஸ் என்று தேடும் வேலை மிச்சமாகும்.

அப்புறம் என்பிடிஇ என்ற தேசிய லைசென்ஸ் தேர்வு. வருடத்தில் நான்கு தேதிகள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். மதிப்பெண் 200-இலிருந்து 800 வரை. 600 எடுத்தால் தேர்ச்சி. பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது, வாழ்நாளில் ஆறு முறைக்கு மேலும் முடியாது. "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று யாரும் சொன்னால் அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். ஆறில் ஒன்று போய்விடும்.

விசா. நான் கணவரோடு ஹெச்-4-இல், அதாவது ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசாவில், வந்தேன். 2015-இல் வந்த விதியால், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்த என்னைப் போன்றவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. அந்த அட்டை இருந்ததால் எந்த மருத்துவமனையும் எனக்காக விசா மனுப் போட வேண்டியிருக்கவில்லை. ரெசிடென்சி கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஹெச்-1பியில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் வருடாந்தர எண்ணிக்கை வரம்புக்குள் வராதவை, அதனால் லாட்டரி (விசாவுக்கான குலுக்கல்) இல்லாமல் எடுக்கலாம். அது நல்ல செய்திதான். ஆனால் லாட்டரியில் ஒருபோதும் வராதவர் அங்கிருந்து தனியார் நிறுவனத்துக்கு மாறும்போது லாட்டரிக்குள் போக வேண்டியிருக்கும். ஒரு வருட ரெசிடென்சி முடிந்ததும் எங்கே போவீர்கள் என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடிசன் போன்ற படைவீரர் மருத்துவமனைகள் குடியுரிமை கேட்பவை.

உங்களுக்கு இது வேண்டுமா

சிசிஎஸ் தேர்வு எழுத ரெசிடென்சி கட்டாயம் இல்லை. கடந்த பத்து வருடத்துக்குள் இதய–நுரையீரல் நோயாளிகளோடு 2,000 மணி நேரம் வேலை செய்திருந்தால், அதில் கால் பங்கு கடைசி மூன்று வருடத்துக்குள் இருந்தால், நேரடியாக விண்ணப்பிக்கலாம். பெரிய இதய மருத்துவமனையில் ஏற்கெனவே வேலையில் இருந்து, பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள சிசிஎஸ் ஒருவரும் இருந்தால், அந்த வழியே போங்கள். சம்பளத்தை விட வேண்டாம், வீட்டை மாற்ற வேண்டாம்.

என் நிலைமை அப்படி இல்லை. 2018-இல் லைசென்ஸ் வாங்கி டாலஸ் பக்கம் வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கும் வேலையில் இருந்தேன். மூட்டு மாற்றியவர்கள், கீழே விழுந்த முதியவர்கள். நல்ல வேலை, நல்ல சம்பளம். ஆனால் அங்கிருந்து ஐசியுவுக்குள் நுழைய வழி இருக்கவில்லை. சென்னை ஐசியுவில் செய்த மூன்று வருடத்தை நேர்காணலில் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "இங்கே ஐசியு அனுபவம் உண்டா?" என்றார்கள்.

இந்த இடத்தில் நம்மூர் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று. சென்னையில் நான் செய்த நெஞ்சு பிசியோ என்பது முதுகில் தட்டுவது, சளியை உறிஞ்சி எடுப்பது, நெபுலைசர், மூச்சுப் பயிற்சி, வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும்போது கூடவே நிற்பது. இங்கே இவற்றில் பெரும்பகுதி ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்ற தனி ஆளின் வேலை. இதய மறுவாழ்வு மையங்களிலும் உடற்பயிற்சி உடலியல் படித்தவர்களும் நர்ஸ்களும்தான் அதிகம். பிசியோவிடம் எதிர்பார்ப்பது வேறு: இந்த மனிதரின் இதயமும் நுரையீரலும் இன்றைக்கு எவ்வளவு உழைப்பைத் தாங்கும், அதை எப்படி அளப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, நாளைக்கு எவ்வளவு கூட்டுவது. குழாய்களும் மருந்துகளும் மாட்டியிருக்கும்போதே நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது. நமக்குக் கை வேலை தெரியும். அது வீண் இல்லை, இருமச் சொல்லிக்கொடுக்கும்போது என் கை இன்றும் அதை நினைவுவைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் "ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு நெஞ்சு பிசியோ செய்தேன்" என்று எழுதினால் உங்களை வேறு துறை ஆள் என்று நினைத்துவிடுவார்கள். முப்பதை விட்டுவிட்டு ஒருவரைப் பற்றி எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன்.

விண்ணப்பத்துக்கு முந்திய வருடம்

நான் செய்ததில் பலன் கொடுத்தவை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க இதயச் சங்கத்தின் ஏசிஎல்எஸ் என்ற மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சியை முடித்தேன். சிசிஎஸ் தேர்வுக்கு அது எப்படியும் வேண்டும். அதைவிட முக்கியம், இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் அளவுக்குக் கண் பழகியது. தினமும் இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் பத்து வரைபடம் என்று நான்கு மாதம் பார்த்தேன்.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அந்த வேலையில் இருந்தபடியே இதயச் செயலிழப்பு, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) நோயாளிகளை எனக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். வேறு யாருக்கும் அவர்களைப் பார்க்கப் பெரிய விருப்பம் இருக்கவில்லை, அதனால் சுலபமாகக் கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் நோட்டில் அரைப்பக்கம். மருந்துப் பட்டியல், ஓய்வில் துடிப்பு எவ்வளவு, நடந்த பின் எவ்வளவு, நான் எடுத்த முடிவு, அடுத்த தடவை போனபோது அது சரியாக இருந்ததா. அந்த நோட்டிலிருந்துதான் விண்ணப்பக் கட்டுரை, நேர்காணல் பதில் எல்லாம் வந்தது.

ஏபிபிடிஎஸ் வெளியிடும் டிஎஸ்பி என்ற ஆவணம், இந்தத் துறையின் சிறப்பு வல்லுநருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும். ரெசிடென்சிப் பாடமும் அதையொட்டித்தான். படிக்க வறட்டு ஆவணம். ஆனாலும் பென்சிலோடு உட்கார்ந்து, தெரிந்தது, பாதி தெரிந்தது, தெரியாதது என்று குறி போடுங்கள். புற நாளங்களின் நோய், குழந்தைகளின் இதயக் குறைபாடு இரண்டிலும் என் பக்கம் முழுக்கத் தெரியாதது என்றே குறி. எந்த ரெசிடென்சி எனக்குப் பொருந்தும் என்று அதை வைத்துத்தான் பார்த்தேன்.

விண்ணப்பமும் நேர்காணலும்

பெரும்பாலான இடங்களுக்கு ஆர்எஃப்-பிடிகாஸ் என்ற ஒரே தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள். பரிந்துரைக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். உங்களை நோயாளியின் பக்கத்தில் பார்த்தவர் எழுதட்டும். எனக்கு எழுதிய ஒருவர் வீடு வீடாகப் போகும் வேலையில் கூட இருந்த நர்ஸ் மேற்பார்வையாளர். ஒரு நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டரை கிலோ எடை ஏறியதை நான் கவனித்து அன்றே மருத்துவருக்குப் போன் செய்ததை அவர் எழுதியிருந்தார். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது.

அடுத்து ஒரு கேஸ் கொடுத்தார்கள். பைபாஸ் முடிந்த இரண்டாம் நாள். படுக்கையில் துடிப்பு 84, சீராக இருக்கிறது. எழுந்து நின்றதும் 138, ஒழுங்கில்லாமல். ரத்த அழுத்தம் 122/70-இலிருந்து 96/58. தலை லேசாகச் சுற்றுகிறது என்கிறார். என்ன செய்வீர்கள்?

உட்காரவைப்பேன், மறுபடி அளப்பேன், மானிட்டரில் துடிப்பின் வடிவத்தைப் பார்ப்பேன், நர்ஸைக் கூப்பிடுவேன், இந்த அறுவைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) வருவது சகஜம் என்பதால் முதல் சந்தேகம் அதுதான் என்றேன். சரி என்றார்கள். "நாளைக்குக் காலையில் அவர் அறைக்குப் போகிறீர்கள். என்ன இருந்தால் எழுப்புவீர்கள்?" என்று அடுத்ததாகக் கேட்டார்கள். நிறுத்துவதற்கான விதிகள் எனக்கு மனப்பாடம். மறுபடி தொடங்குவதற்கு யாரும் விதி சொல்லித்தந்ததில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓய்வில் துடிப்பின் வேகம் மருந்தால் கட்டுக்குள் வந்ததா, அழுத்தம் நிற்கும்போதும் தாங்குகிறதா, தலைசுற்றல் போனதா, புதிதாக என்ன மருந்து தொடங்கினார்கள், இவற்றைப் பார்த்துவிட்டு முதலில் கட்டில் ஓரத்தில் உட்காரவைப்பேன் என்றேன். ஒழுங்கில்லாத துடிப்பு இருந்தாலே படுக்கை என்று சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டோம் என்று பின்னாளில் மென்டர் சொன்னார். நேர்காணலுக்குத் தயாராகும்போது ஒவ்வொரு கேஸிலும் "அடுத்த நாள் என்ன?" என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்த 150 மணி நேரம்

என் மென்டர் முப்பது வருடமாக இதே வேலையில் இருந்தவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது வாயில் வர இரண்டு மாதம் ஆனது. அவர் பாடம் நடத்தவில்லை. நான் நோயாளியைப் பார்க்கும்போது சுவரோரமாக நிற்பார். வெளியே வந்ததும் ஒரே கேள்வி: "ஏன் அப்படிச் செய்தாய்?"

முதல் வாரம் ஆறு நிமிட நடைப் பரிசோதனை. முப்பது மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. சென்னையில் நூறு தடவையாவது செய்திருப்பேன். நம் வழக்கப்படி நோயாளியின் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "அப்படித்தான், வாங்க வாங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்கிற தொனியில் உற்சாகப்படுத்தினேன். மென்டர் முடியும்வரை பேசவில்லை. பிறகு தாளைக் கொடுத்து, இந்த எண்ணை எழுதாதே என்றார். 2002-இல் அமெரிக்க மார்பியல் சங்கம் வெளியிட்ட வழிமுறையில் ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் என்ன வாக்கியம் சொல்ல வேண்டும் என்றுகூட இருக்கிறது. அதே வாக்கியம், அதே தொனி, வேறு பேச்சு கிடையாது, கூட நடக்கவும் கூடாது. ஏறக்குறைய முப்பது மீட்டர் வித்தியாசம் வந்தால் நோயாளியின் நிலை மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். என் குரலும் என் நடையும் சேர்ந்தே அந்த முப்பது மீட்டரைக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் அடுத்த மாதம் வேறொருவர் அமைதியாக நின்று அளக்கும்போது, அந்த நோயாளி மோசமாகிவிட்டதாகத் தெரியும். நுரையீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர் விஷயத்தில் அது சின்னத் தவறு இல்லை.

இரண்டாம் மாதம், இதயத்தில் பம்ப் பொருத்திய ஒருவர். அறைக்குள் போனதும் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. அவரோ என்னிடம் பேஸ்பால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பலருக்குக் கையில் நாடி தட்டுப்படாது என்று படித்திருந்தேன். படித்தது வேறு, விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருப்பது வேறு. ரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டு, ஒரே எண்ணாக எடுக்க வேண்டும். நடக்கத் தொடங்குவதற்கு முன் மாற்று பேட்டரி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடி இல்லை, அழுத்தக் கருவி எண் காட்டாது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் சில நேரம் சொதப்பும். அப்போது மிச்சம் இருப்பது முகத்தின் நிறம், பேச்சில் எத்தனை வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறார், உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அவரே சொல்லும் எண். 6-இலிருந்து 20 வரையான போர்க் அளவுகோலை அதுவரை நான் படிவம் நிரப்பத்தான் பயன்படுத்தியிருந்தேன்.

இதயம் மாற்றியவர்களிடமும் இதே மாதிரி. புது இதயத்துக்கு நரம்பு இணைப்பு அறுந்திருக்கும். ஓய்விலேயே துடிப்பு 90, 100 என்று இருக்கும். நடக்கத் தொடங்கினால் உடனே ஏறாது, ரத்தத்தில் ஹார்மோன் ஏறி வந்த பிறகுதான் மெல்ல ஏறும். நிறுத்தினாலும் உடனே இறங்காது. அதனால் மெதுவாகத் தொடங்கி, மெதுவாக முடிக்க வேண்டும். "துடிப்பு ஏறவில்லையே, இன்னும் வேகமாக நடக்கலாம்" என்று மூன்றாம் நிமிடத்தில் நான் சொல்லப் போக, சுவரோரத்திலிருந்து மென்டர் ஓர் அடி முன்னால் வந்தார். பேசவில்லை. நான் நிறுத்திக்கொண்டேன்.

குடத்துக்கான பதிலும் இங்கேதான் கிடைத்தது. மார்பெலும்பைப் பிளந்து தைத்தவர்களுக்கு இவ்வளவு கிலோவுக்கு மேல் தூக்காதே, கையை உயர்த்தாதே என்ற தடைகள் பலவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. நோயாளி இருமும்போது அந்த எலும்பில் விழும் விசை, நாம் தடுத்துவைத்திருக்கும் பல தூக்கும் வேலைகளைவிட அதிகம் என்று 2008-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இருமச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சொம்பைத் தூக்காதே என்று சொல்லிவந்திருக்கிறேன். 2016-இல் டாலஸ் பேய்லர் மருத்துவமனைக்காரர்கள் வேறு முறையை எழுதினார்கள்: மேல்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, ஒரு குழாய்க்குள் நிற்பதுபோல நினைத்துக்கொண்டு, சுமையை உடம்போடு சேர்த்து வேலை செய். இன்றைக்கு அந்தப் பெண் கேட்டால் முதலில் எலும்பு அசைகிறதா, சத்தம் வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். நிறைகுடம் பதினைந்து கிலோ. குனிந்து ஒரு கையால் இழுத்து இடுப்பில் ஏற்றும் அந்த ஒரு நொடியில்தான் இரண்டு பக்கமும் வேறு வேறு விசை விழுகிறது. அதனால் இடுப்புக்குடம் கடைசியில். அதற்கு முன் சின்ன வாளியில் கால் பங்கு, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து. வலியும் சத்தமும் இல்லையென்றால் வாரவாரம் கொஞ்சம் கூட்டலாம். குழாய்க்குக் கீழே ஒரு கல் வைத்துக் குடத்தை உயர்த்தினால் குனிவதே குறையும். இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதும். அன்று அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்தது, பதில் இருக்கவில்லை.

வீடும் பணமும்

சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால் பங்கு. வேறு மாநிலம் என்பதால் லைசென்ஸ் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, அதற்கும் ஃபீஸ். மகனுக்கு அப்போது நான்கு வயது. கணவர் வேலையை வீட்டிலிருந்து செய்யலாம் என்று இருந்ததால் மூவரும் குடிமாறினோம். அம்மா ஆறு மாதம் வந்து இருந்தார், அவர் கிளம்பியதும் மாமியார். இப்படி ஆள் இல்லாதவர்கள் குழந்தைக் காப்பகச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். வாரத்தில் நான்கு நாள் நோயாளிகள், ஒரு நாள் பாடம், மாதத்தில் ஒரு வார இறுதி டூட்டி, அதோடு மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பில் உதவி. இரவு படிப்பு. முதல் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கியது மட்டும்தான் ஓய்வு. இதைக் கணவரிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள்.

தேர்வு

இருநூறு கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஏசிஎல்எஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும், ஆய்வில் பங்கெடுத்ததற்கான சான்றும் கேட்கிறார்கள். என்னுடையது சின்ன ஆய்வு: நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும் பரிசோதனையில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பழைய பதிவுகளிலிருந்து எடுத்துத் தொகுத்தேன். ரெசிடென்சியில் சேர்ந்த முதல் மாதமே கேள்வியை முடிவுசெய்யுங்கள். மருத்துவமனையின் ஆய்வு நெறிக் குழு அனுமதி தர மாதக்கணக்காகும். 2023-இல் தேர்வு எழுதினேன். சான்றிதழைப் பத்து வருடச் சுழற்சியில் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும்.

முதல் மின்னஞ்சல்

கடைசியில் எழுதுகிறேன், ஆனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இது. விண்ணப்பத் தளத்தைத் திறப்பதற்கு முன், பிடித்த இரண்டு மூன்று ரெசிடென்சிகளின் இயக்குநர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். நீளமாக வேண்டாம். யார் நீங்கள், எங்கே படித்தீர்கள், லைசென்ஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மூன்று வரி. அப்புறம் கேள்விகள். விசா மனுப் போடுவீர்களா? மென்டர்களில் எத்தனை பேர் சிசிஎஸ்? 150 மணி நேரமும் வாரத்தில் நாள் குறித்து ஒதுக்கப்படுகிறதா, இல்லை மென்டருக்கு நேரம் கிடைக்கும்போதா? ஐசியுவில் எத்தனை மாதம், வெளிநோயாளிப் பிரிவில் எத்தனை மாதம்? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? ஒரு நாள் வந்து கூட இருந்து பார்க்கலாமா?

நான் மூன்று இடத்துக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து பதில் வரவில்லை. ஓரிடத்தில் மென்டர் நேரம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் மற்றதுக்கெல்லாம் வந்தது, அங்கே விண்ணப்பிக்கவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து இரண்டே நாளில், வாரம் இன்ன கிழமை எத்தனை மணி நேரம் என்ற அட்டவணையோடு, கீழே ஒரு வரியும் சேர்த்து வந்தது: வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், நிறைய நடப்போம், நல்ல ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.